அலெக்சாண்டிரியா போகலாமா?



ஒருநாள் இரவு ஹாஸ்டல் மொட்டை மாடியில் பேச்சு வளர்ந்தது. "கையில் பணம் இருந்தால் எந்த ஊருக்குப் போவாய்?" என்பதுதான் கேள்வி. ஒருவன் சிங்கப்பூர் என்றான். இன்னொருவன் பாரிஸ் என்றான். நான் "அலெக்சாண்டிரியா" என்றேன்.

"அங்கே என்னடா இருக்கு?"

"கலங்கரை விளக்கம் இருந்துச்சு, இடிஞ்சு போச்சு. உலகத்துலயே பெரிய நூலகம் இருந்துச்சு, அதுவும் போச்சு. அலெக்சாண்டர் கல்லறை எந்த இடத்துலன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல."

"அப்போ ஒண்ணுமே இல்லாத ஊருக்கா மச்சான் டிக்கெட் போடுறே?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. எகிப்தின் மத்தியதரைக் கடற்கரையில், கி.மு. 331-ல் அலெக்சாண்டர் அடிக்கல் நாட்டிய ஊர் அது. அங்கே போக ஒரு டிப்ளமோ மாணவன் எப்படித் திட்டம் போட வேண்டும்? என் மனதில் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

சுற்றுலா என்றால் நமக்கு என்ன பழக்கம்? எந்த லாட்ஜ், எந்த பஸ், எங்கே நின்று போட்டோ எடுப்பது, இவ்வளவுதான். போனோம், வந்தோம், ஆல்பம் ஒன்று மிச்சம். இது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் வொர்க்‌ஷாப்பில் கையில் கிரீஸ் படிந்தவனும், வெயிலில் சர்வே ஸ்டாஃப் பிடித்தவனும் ஓர் ஊரைப் பார்க்கிற பார்வை வேறாக இருக்க வேண்டாமா? 'என்ன இருக்கிறது' என்று மட்டும் பார்ப்பவன் சுற்றுலாப் பயணி. 'எப்படிக் கட்டினார்கள், ஏன் விழுந்தது, இப்போது எது விழப் போகிறது' என்று கேட்பவன் தொழில் தெரிந்தவன். அப்படிக் கேட்கப் போகிறவனுக்கு அலெக்சாண்டிரியாவை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம்.

முதலில் அந்த ஊர்க்காரர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அங்கே தெசிபியஸ் என்று ஒருவர் இருந்தார். முடிதிருத்தும் தொழிலாளியின் மகன். இரண்டு சிலிண்டர் வைத்த அழுத்தப் பம்பு அவர் பெயரில்தான் சொல்லப்படுகிறது. முதல் நூற்றாண்டில் ஹீரோன் வந்தார். காசு போட்டால் தண்ணீர் ஊற்றும் பெட்டி, நீராவியால் சுழலும் உருண்டை இவற்றையெல்லாம் எழுதி வைத்தார். முக்கோணத்தின் மூன்று பக்கம் தெரிந்தால் பரப்பளவு கண்டுபிடிக்க நாம் மனப்பாடம் செய்கிறோமே ஒரு சூத்திரம், அதுவும் அவர் பெயரில் உள்ளதுதான். ஆக, நம் பாடப்புத்தகத்தின் சொந்த ஊருக்குத்தான் போகிறோம்!

இப்போது திட்டத்துக்கு வருவோம். விசா வேண்டும். அந்த விதிகளைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நம்பாமல் தூதரகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் கெய்ரோ. அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ரயில். அந்த ரயிலில் உட்கார்ந்து தூங்கி விடாதீர்கள். ஆப்பிரிக்காவிலேயே முதல் ரயில் பாதை அது. ராபர்ட் ஸ்டீவன்சன் அமைத்தது. 1856-ல் கெய்ரோ வரை முடிந்தது. குளிர்காலத்தில் போவதானால் மழைக்கும் காற்றுக்கும் தயாராகப் போங்கள். அந்த ஊர்க்காரர்கள் புயல்களுக்கே பெயர் வைத்து, எது எப்போது வரும் என்று நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நவம்பரில் வரும் ஒரு புயலுக்குத் 'துடைப்பம்' என்று பெயர்!

முதல் நாள், கைத்பே கோட்டை. கி.மு. 280 வாக்கில் கலங்கரை விளக்கம் எழுந்த இடம் இதுதான். கீழே சதுரம், நடுவில் எண்கோணம், மேலே வட்டம் என மூன்று அடுக்கு. உயரம் 100 மீட்டருக்கும் மேல் என்கிறார்கள். 1303-ல் வந்த பெரிய நிலநடுக்கமும் அதன்பின் வந்தவையும் அதைச் சாய்த்தன. அந்த இடத்தில் 1477-ல் சுல்தான் கைத்பே கோட்டை கட்டத் தொடங்கினார். விளக்கத்தின் கற்கள் பல கோட்டைச் சுவருக்குள்ளேயே போயின. மற்றவை கடலடியில் கிடக்கின்றன. 2025 ஜூலையில் 22 பெரிய கற்களைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். சில கற்கள் 70, 80 டன் எடை. அவற்றை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் விளக்கத்தை மறுபடி அடுக்கிப் பார்க்கும் வேலை நடக்கிறது. டிராயிங் ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் இதைக் கவனிக்க!

கோட்டைக்கு நடந்து போகும்போது காலடியையும் பாருங்கள். ஃபாரோஸ் என்ற அந்த இடம் முன்பு தீவு. ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான கரை போட்டு ஊரோடு சேர்த்தார்கள். கரையின் இரண்டு பக்கமும் மணல் சேர்ந்து சேர்ந்து, இன்று அதன் மேல் தெருவும் கடையும் வீடுமாக ஒரு பேட்டையே நிற்கிறது.

இரண்டாம் நாள் பூமிக்கு அடியில். நைல் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து, தெருக்களுக்கு அடியில் தூண் மேல் தூண் நிறுத்திய தொட்டிகளில் சேமித்த ஊர் அது. அடுத்தது கோம் எல் ஷுகாஃபா. பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்த கல்லறை. நிலத்தடி நீர் உள்ளே ஏறி ரொம்பக் காலம் தொல்லை கொடுத்தது. 2019-ல்தான் நீரிறைக்கும் ஏற்பாடு முடிந்தது. இரண்டாயிரம் வருஷத்துச் சிற்பத்தைக் காப்பாற்றுவது கடைசியில் ஒரு பம்பு என்பதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள், 2002-ல் திறந்த புதிய நூலகம். கடலைப் பார்த்துச் சாய்ந்த 160 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கூரை. வெளிச்சுவரில் அஸ்வான் கிரானைட்டில் உலகத்தின் பலப்பல எழுத்துகள். கடல் ஓரத்தில் நிலத்துக்குக் கீழேயும் மாடிகள் இறக்கியிருக்கிறார்கள். தண்ணீர் எப்படி உள்ளே வராமல் நிற்கிறது? சிவில் நண்பர்கள் அந்தக் கேள்வியோடு உள்ளே போகட்டும்.

நான்காம் நாள் எந்தப் பட்டியலும் வேண்டாம். கடற்கரைச் சாலையில் சும்மா நடங்கள். கோட்டையைச் சுற்றியும் கரையோரமும் அலையை உடைக்க கான்கிரீட் கட்டிகளைக் கொட்டி வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். கடல் கரையை அரிக்கிறது. உப்புநீர் நிலத்துக்கு அடியில் ஏறி அஸ்திவாரத்தைத் தின்கிறது. முன்பு வருஷத்துக்கு ஒரு கட்டடம் என்ற அளவில் இடிந்த ஊரில், கடந்த பத்தாண்டில் வருஷத்துக்கு 40 வரை இடிந்திருப்பதாக 2025-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அந்த வீடுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். இடிந்த விளக்கத்துக்காகக் கண்ணீர் விடும் சுற்றுலாப் பயணி, இடியப் போகும் வீட்டைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார். நாம் தாண்டிப் போகலாமா? அதனால்தான் சொல்கிறேன், திட்டத்தில் இந்த நான்காம் நாளை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள்.

"எல்லாம் சரிப்பா, பாஸ்போர்ட்டே இல்லாதவன் என்ன செய்ய?" என்று கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. மெஸ் பில் கட்டவே அப்பாவுக்கு போன் போடுகிற கூட்டம்தானே நாம்! ஆனால் அந்த ஊருக்கும் நம் பக்கத்துக்கும் பழைய பாத்தியதை உண்டு. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. வயது இரண்டாம் நூற்றாண்டு. சேரநாட்டு முசிறியில் ஏற்றிய சரக்கு எந்த வழியாக அலெக்சாண்டிரியா கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பாலைவனத்தில் ஒட்டகம், பிறகு நைல் நதியில் படகு, கடைசியில் கிடங்கில் முத்திரை, நான்கில் ஒரு பங்கு வரி! இதைவிட நல்ல பயணத் திட்டம் நான் பார்த்ததில்லை.

போக முடியாதவனையும் சேர்த்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. அலெக்சாண்டிரியாவின் நூலகராக இருந்த எரடோஸ்தனிஸ், உச்சிவேளை நிழலை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். நாமும் செய்யலாம். போகிறவன் டிசம்பரில் ஒருநாள் அங்கே ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்தி, உச்சியில் நிழலை அளக்கட்டும். போகாதவன் அதே நாள் இங்கே திருச்சியில் அவன் ஊர் உச்சிவேளையில் அளக்கட்டும். இரண்டு கோணத்துக்கும் வித்தியாசம் சுமார் 20 டிகிரி வரும். அதாவது வட்டத்தில் 18-ல் ஒரு பங்கு. மேப்பில் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 2,200 கிலோமீட்டர். பதினெட்டால் பெருக்குங்கள். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒருவன் அங்கே, ஒருவன் இங்கே இருந்தால்தான் இந்தக் கணக்கே நடக்கும். போகாதவன் இல்லாமல் போனவனுக்குப் பயனில்லை!

முடிக்கும் முன் ஒரு கதை. கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர் சோஸ்திரட்டஸ். தன் பெயரைக் கல்லில் வெட்டி, அதன் மேல் சாந்து பூசி, சாந்தில் ராஜாவின் பெயரை எழுதினாராம். காலப்போக்கில் சாந்து உதிர்ந்தது, கட்டியவன் பெயர் தெரிந்தது என்று சொல்வார்கள். நாளைக்கு நாம் கட்டப்போகும் பாலத்திலும் பம்பு ஹவுஸிலும் நம் பெயர் இருக்காது. திறந்து வைத்தவர் பெயர்தான் இருக்கும். பரவாயில்லை. ஓர் ஊருக்குப் போனால் சாந்துக்கு அடியில் இருக்கும் பெயரைத் தேடுகிறவனாக ஒருவனாவது இருக்கட்டும். அந்த ஒருவன் பாலிடெக்னிக்கில் படித்தவனாக இருக்கட்டும்.

அரியர் எல்லாம் முடித்துவிட்டு ஒரு பேப்பரும் பென்சிலும் எடுங்கள் நண்பர்களே. அலெக்சாண்டிரியா போகலாமா?