சென்னை என்றால் கொள்முதல் மட்டும்தானா?

சென்னைக்குப் போகாத மளிகை வியாபாரி நம்மில் அரிது. ஆனால் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பாரிமுனை, சவுகார்பேட்டை, லாரி புக்கிங் ஆபீஸ் என்பதோடு பதில் முடிந்துவிடும். மே 5 வணிகர் தின மாநாடு அங்கே நடந்தால் வேன் பிடித்துப் போகிறோம், இரவே திரும்பிவிடுகிறோம். விடிகாலையில் நம்மோடு கடை திறந்து, பாக்கெட் போட்டு, நாம் சாப்பிடப் போகும் நேரத்தில் கல்லாவில் உட்காரும் வீட்டுக்காரம்மா அந்த வேனில் இருப்பதில்லை. பிள்ளைகளும் இல்லை.

வருடத்தில் இரண்டு நாள் கடையைப் பூட்டி, குடும்பத்தோடு சென்னை பார்த்து வர வேண்டும் என்பது நம் கருத்து. வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்ற பயம் பொய் என்று நாம் சொல்ல மாட்டோம். கிளை கிளையாகத் திறக்கும் பெரிய கடைகளும், செல்போனில் ஆர்டர் எடுத்து வீட்டு வாசலில் இறக்குபவர்களும் வந்தபின் அந்தப் பயம் கூடித்தான் இருக்கிறது. ஆனால் நான்கு நாள் முன்பே போர்டு எழுதி வைத்து, மாதச் சாமான் வாங்குபவர்களிடம் வாயாலும் சொல்லிவிட்டால், பல வருட வாடிக்கை இரண்டு நாளில் அறுந்துவிடாது. சொல்லாமல் பூட்டுவதுதான் ஆபத்து.

எப்போது போவது? முதல் பத்து தேதி வரை மாதச் சாமான் வியாபாரம். அப்போது அசைய முடியாது. 20 தேதிக்கு மேல் கை ஓயும். மே மாத வெயிலில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சென்னையில் அலைவது தண்டனை. டிசம்பர் கடைசி வாரம் அரையாண்டுத் தேர்வு விடுமுறை. பொங்கல் சரக்கு இறங்கும் முன் கிடைக்கும் இடைவெளியும் அதுவே. கிழமையையும் பார்க்க வேண்டும். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி விடுமுறை. புதனும் வியாழனும் போனால் இரண்டும் கிடைக்கும்.

ரயிலில் போவோர் 60 நாள் முன்பே டிக்கெட் எடுத்துவிடலாம். தென்மாவட்ட ரயில்கள் பலவும் எழும்பூர் வருகின்றன. ஸ்டேஷன் அருகிலேயே லாட்ஜ்கள் இருக்கின்றன, 1851இல் தொடங்கிய மியூசியமும் நடக்கும் தூரம். அங்குள்ள சோழர் காலச் செப்புச் சிலைகளைப் பார்க்கவே அரை நாள் வேண்டும். அரசு பஸ்ஸில் போவோர் 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்தில் இறங்குவார்கள். வண்டலூர் பக்கத்திலேயே இருப்பதால் பூங்காவை முதலில் முடித்துவிட்டு ஊருக்குள் போகலாம். மகாபலிபுரத்தையும் இதிலேயே சேர்ப்பவர்கள் எதையும் பார்ப்பதில்லை, வேன் ஜன்னலைத்தான் பார்க்கிறார்கள்.

மாலையில் மெரினா. அதற்கு எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்தை வணிகர்கள் அவசியம் பார்க்க வேண்டும். 1897இல் சுவாமிஜி தங்கிய வீடு என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அது கிட்டங்கி! 1842இல் கட்டியது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் பல மாதம் கொண்டுவந்து இங்கே அடுக்கி விற்றார்கள். வழியில் உருகியது போக மிச்சத்தில் லாபம் பார்த்தார்கள். உள்ளூரிலேயே ஐஸ் தயாரிக்கும் இயந்திரம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பெரிய முதலாளியின் கடையும் ஒரு நாள் மூடும் என்பதை நம் பையன்களுக்கு இதைவிட நன்றாக எங்கே காட்ட முடியும்? ஜார்ஜ் கோட்டையும் வியாபாரக் கம்பெனி எழுப்பியதுதான். அங்குள்ள மியூசியக் கட்டடத்தில் அக்காலத்தில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசினார்கள்.

ஒரு வேண்டுகோள். "வந்தது வந்தோம், சீரகம் ரேட் மட்டும் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று லாட்ஜில் குடும்பத்தை உட்கார வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். நம்மவர்களின் சுற்றுலா அங்கேதான் கெடுகிறது. ரேட் போனிலேயே தெரிகிறது.

இந்த டிசம்பரில் போக விரும்புபவர்கள் பெயர் கொடுத்தால், ஒரே தெருவில் இரண்டு கடை ஒரே நாளில் பூட்டாதபடி சங்கத்திலேயே தேதி பிரித்துக்கொள்ளலாம். பூட்டிய கடையின் பால், தயிர் வாடிக்கையைப் பக்கத்துக் கடைக்காரர் அந்த இரண்டு நாள் கவனித்து, பிறகு திருப்பி ஒப்படைக்க வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளக் கோருகிறோம்.