64 கட்டம், ஒரே எண்

செஸ் ஆடும் கம்ப்யூட்டரின் பலமெல்லாம் அது கணக்குப் போடும் வேகத்தில்தான் இருக்கிறது என்று பொதுவாக நம்பப்படுகிறது. இதில் பாதிதான் உண்மை. போட்ட கணக்கையே மறுபடி போடாமல் இருக்கத் தெரிவது மீதிப் பாதி.

வெள்ளை முதலில் ராஜா பக்கக் குதிரையையும் பிறகு ராணி பக்கக் குதிரையையும் வெளியே எடுக்கலாம். வரிசையை மாற்றியும் எடுக்கலாம். கறுப்பின் பதில்கள் மாறாவிட்டால் கடைசியில் பலகை ஒன்றுதான். மனிதருக்கு இது பார்த்த மாத்திரத்தில் புரியும். மெஷினோ இரண்டு வழியிலும் இறங்கி முழுதாக அலசும். அலசிய நிலைகளை அட்டவணையில் குறித்துவைக்கும் ஏற்பாடு 1967-ல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் எழுதிய மேக் ஹேக் புரோகிராமிலேயே இருந்தது. ஆனால் 32 காய்களும் எங்கே நிற்கின்றன என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் மிச்சம் பிடித்த நேரம் அதிலேயே போய்விடும்.

இதற்கு அழகான வழி சொன்னவர் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1970-ல் அவர் எழுதிய அறிக்கை அது. அவரது சொந்த ஆர்வம் செஸ்ஸில் அல்ல, 'கோ' ஆட்டத்தில் என்பது வேடிக்கை. 12 வகைக் காய்கள், 64 கட்டங்கள்; ஆக 768 எண்களைக் குலுக்கல் முறையில் முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். யார் முறை என்பதற்கு ஒன்று, கோட்டை கட்டும் உரிமைகளுக்கு 4, சிப்பாயை வழியில் வெட்டும் விதிக்கு 8; மொத்தம் 781. பலகையில் நிற்கும் காய்களுக்கான எண்களை 'எக்ஸ்-ஆர்' என்ற கணக்கால் ஒன்றாக்கினால் அந்த நிலைக்கு ஒரே எண் கிடைக்கும். இந்தக் கணக்கில் ஒரு எண்ணை இரண்டாம் முறை சேர்த்தால் அது மறைந்துவிடும். எனவே குதிரை நகர்ந்தால் பழைய கட்டத்தின் எண்ணை எடுத்து, புதியதைப் போட்டால் போதும். மற்ற காய்களைத் தொடவே வேண்டாம்.

பலன் எவ்வளவு? லாஸ்கர், ரைக்ஹெல்ம் பெயரில் 1901 முதல் பேசப்படும் ஒரு புதிரில் இரண்டு ராஜாக்கள், ஒன்றையொன்று பூட்டி நிற்கும் ஏழு சிப்பாய்கள். மூலையில் உள்ள வெள்ளை ராஜா ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்ந்தால்தான் வெற்றி. அது பலிப்பது வெகு தூரம் தள்ளி. அட்டவணை இல்லாத புரோகிராம் கிளை கிளையாகப் பிரிந்து திணறும். ஆனால் சிப்பாய்கள் அசையாதவரை, ராஜாக்களை எங்கே வைத்தாலும், வெவ்வேறு நிலைகள் 6,384-ஐத் தாண்டாது. அட்டவணை உள்ள புரோகிராமுக்கு இது சிறுபிள்ளை வேலை.

ஆபத்தும் உண்டு. 64 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண், சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக அரிசி கேட்ட கதையில் வரும் மொத்த மணிகளின் எண்ணிக்கையேதான். செஸ் நிலைகளோ அதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே இரண்டு வேறு நிலைகளுக்கு ஒரே எண் விழுந்தே தீரும். சுமார் 500 கோடி நிலைகள் சேர்ந்தாலே எங்காவது ஒரு ஜோடி மோதுவதற்குப் பாதி வாய்ப்பு. 1997-ல் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூவின் வேகத்தில், எல்லாமே புதிய நிலைகள் என்றால், 25 விநாடி வேலை இது. இன்றைய ஸ்டாக்ஃபிஷ் இன்னும் துணிச்சல்காரர். அட்டவணைப் பெட்டியில் எண்ணின் 16 பிட்டை மட்டுமே எழுதிவைக்கிறது. அதனால்தான் அங்கிருந்து எடுத்த நகர்த்தல் இந்தப் பலகையில் செல்லுபடியாகுமா என்று பார்த்த பிறகே ஆடுகிறது. மதிப்பெண் எப்போதாவது தவறினால் பெரிய நஷ்டமில்லை. லட்சக்கணக்கான கிளைகளில் அது அமுங்கிவிடும்.

அமுங்காத கோளாறு வேறு. பலகை எப்படி இருக்கிறது என்று அந்த எண்ணுக்குத் தெரியும். எந்த வழியாக வந்தது என்று தெரியாது. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம் என்பது விதி. 'வெற்றி' என்று அட்டவணை சொல்லும் நிலைக்குள் புரோகிராம் நம்பிக்கையோடு நுழையும். அது மூன்றாவது தடவையாக இருக்கும். இதற்காகவே ஆட்டத்தில் இதுவரை வந்த நிலைகளின் எண்களைத் தனியாக ஒரு பட்டியலில் வைத்து, அட்டவணையைத் திறக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.