சால்வைக்கு அப்பால்

செகந்திராபாத் கண்டோன்மென்டின் திருமுல்கேரி போன்ற படைமுகாம் பகுதியில், வீரர்களையும் ஊருக்கு உழைத்தவர்களையும் மேடையில் புகழ்வதே சட்டமன்ற உறுப்பினரின் தலையாய கடமை என்றும், அதற்கு மேல் கணக்குக் கேட்பது தியாகத்தை இழிவுபடுத்துவதாகும் என்றும் முன்வைக்கப்படும் வாதம், புகழுரையையும் பொறுப்பையும் ஒன்றாக்கிக் குழப்புகிறது. 2020 ஜூன் 15 அன்று கல்வான் எல்லை மோதலில் உயிர்நீத்த சூர்யாபேட்டை கர்னல் சந்தோஷ் பாபுவின் குடும்பத்துக்குத் தெலங்கானா அரசு 5 கோடி ரூபாயும், அவர் மனைவிக்கு அரசுப் பதவியும் விரைவாகவே வழங்கியது. ஆனால் அவருடன் இறந்த 19 வீரர்களின் குடும்பங்களுக்கு அப்போதே அறிவிக்கப்பட்ட தலா 10 லட்சம் ரூபாய், ஜார்க்கண்டின் இரு குடும்பங்களுக்கு 2022 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. காசோலை போய்ச் சேர்ந்த தேதியைக் கேட்பது எந்த வீரரை இழிவுபடுத்தும்?

சமூகத் தொண்டைப் போற்றும் பேச்சு இதைவிட விநோதமானது. செகந்திராபாத் கண்டோன்மென்ட் வாரியம், அதாவது ராணுவ அதிகாரியைத் தலைவராகக் கொண்டு படைமுகாமின் குடிமைப் பணிகளைக் கவனிக்கும் அமைப்பு, 8 வார்டுகளின் மக்கள் பிரதிநிதிகளையும் கொண்டிருக்க வேண்டியது. அவர்களின் பதவிக்காலம் நீட்டிப்புகளோடு 2021 பிப்ரவரியில் முடிந்த பின், 2023 ஏப்ரல் 30 அன்று நடக்கவிருந்த தேர்தலையும் மத்திய அரசு ரத்து செய்தது. தொண்டு செய்தவருக்குச் சால்வை போர்த்தலாம், தவறில்லை. தன் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அவருக்கு ஏன் மறுக்கப்பட்டது என்ற கேள்வியை அதே மேடையில் எழுப்பாமல் சட்டமன்ற உறுப்பினர் இறங்கியதற்கு அந்தச் சால்வை விளக்கமாகாது.