சுதேசி ஹெலிகாப்டரும் விசாரணை அறிக்கையும்

2023 மார்ச் 26-ஆம் தேதி கொச்சியில், கடலோரக் காவல் படையின் ‘துருவ்’ ஹெலிகாப்டர் ஒன்று சோதனைக்காகத் தரையினின்று எழும்பிற்று. 30, 40 அடி உயரத்தை எட்டியதும், யந்திரத்தை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் செலுத்தும் பிடி விமானியின் கைக்கு இணங்க மறுத்துவிட்டது. அவர் பிரதான ஓடுபாதையை விட்டு விலகி யந்திரத்தை இறக்க முயன்றார். அது விழுந்து நொறுங்கியது. மூவரும் உயிர் தப்பினர். 2025 ஜனவரி 5-ஆம் தேதி போர்பந்தர் விமான நிலையத்தில், அதே படையின் துருவ் ஒன்று வழக்கமான பயிற்சியின்போது விழுந்து எரிந்தது. அதிலிருந்த மூவரும் மாண்டனர். இவை யுத்தகளத்தில் நேர்ந்த விபத்துக்கள் அல்ல. நம் நாட்டு விமானத் தளங்களில், அமைதிக் காலத்தில் நேர்ந்தவை.

ஹெலிகாப்டர் அந்தரத்தில் அசையாது நிற்பதைக் கீழிருந்து காண்போர், அது இளைப்பாறுவதாக எண்ணக்கூடும். உண்மை இதற்கு நேர்மாறானது. மிதமான வேகத்தில் முன்செல்வதைவிட நிற்பதற்கே அதிக சக்தி வேண்டும். ஒரு கை ஏற்ற இறக்கத்தையும், மறு கை நான்கு திசைகளையும், கால்கள் வால் விசிறியையும் ஒரே சமயத்தில் ஆள வேண்டும். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் திருத்தியாக வேண்டும். உயரத்தில் வேகமாகச் செல்கையில் என்ஜின் நின்றுபோனால், கீழிருந்து எதிர்த்து வரும் காற்றே விசிறியைச் சுழற்ற, பத்திரமாக இறங்க வழியுண்டு. தாழ்வாக நிற்கையிலோ அதற்கு வேண்டிய வேகமும் இல்லை, உயரமும் இல்லை. அரக்கோணம் ராஜாளி தளத்தில் நம் கடற்படை வாலிபர்கள் பயில்வது இந்தக் கடினமான வித்தையைத்தான். மாணவனின் பிழைக்கே இவ்வளவு குறுகிய இடமிருக்க, யந்திரமும் பிழை செய்தால் அவன் கதி என்ன?

போர்பந்தர் விபத்துக்குப் பின் துருவ் ஹெலிகாப்டர்கள் பறக்காமல் நிறுத்தப்பட்டன. விமானியின் கட்டளையை விசிறிக்குக் கொண்டு செல்லும் சுழல் தட்டு முறிந்திருந்ததாகச் செய்திகள் வெளியாயின. ஆனால் பொதுமக்கள் செய்திகளைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருப்பதே பெருங்குறையாகும்.

துருவ், பெங்களூரில் நாமே நிர்மாணித்த யந்திரம். அதைச் செய்யும் ஸ்தாபனம், 1940-இல் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியால் சுதேசித் தொழிலாகப் பிறந்தது. சுதேசியின் பெருமையைத் தமிழருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைக் கண்டபோது, அதன் தலைமையை ஏற்றவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். வானம் பார்த்த அருப்புக்கோட்டைச் சீமையின் ஒரு சிற்றூர், கடலில் ஓடும் கப்பலுக்குத் துணை நின்றது. அந்தக் கம்பெனி நிலைத்ததோ இல்லையோ, பங்கு வாங்கிய ஜனங்களின் நம்பிக்கையே அதன் மூலதனமாயிருந்தது. இன்றைய சுதேசி யந்திரத்துக்கும் அந்த நம்பிக்கையே மூலதனம். அதை மௌனத்தால் காப்பாற்ற இயலாது.

ராணுவ ரகசியம் வெளியாகிவிடும் என்று சிலர் கூறலாம். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி குன்னூருக்கருகே ஜெனரல் பிபின் ராவத் உள்ளிட்டோரைப் பலிகொண்ட விபத்தை நினைவூட்டுகிறோம். யந்திரக் கோளாறோ சதியோ காரணமன்று, மேகமூட்டத்தில் விமானி நிலை தடுமாறியதே காரணம் என்று விசாரணையின் பூர்வாங்க முடிவை 2022 ஜனவரியில் விமானப்படையே வெளியிட்டது. அதனால் தேசத்துக்குத் தீங்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை. வதந்திகளுக்கே தடை விழுந்தது. பொதுமக்கள் ஏறும் விமானங்கள் விபத்துக்குள்ளானால், விசாரணைப் பணியகம் இறுதி அறிக்கையை அச்சிட்டு வெளியிடுகிறது. படைவீரனின் உயிர் பிரயாணியின் உயிரினும் மலிவானதா?

ஆயுதங்களின் விவரம் மறைவாகவே இருக்கட்டும். எந்த உறுப்பு முறிந்தது, ஏன் முறிந்தது, எவ்வாறு திருத்தப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்குச் சர்க்கார் பார்லிமெண்டில் விடை கூற வேண்டும். அவ்விடை கிடைத்த பின்னரே ஒரு தாய் தன் மகனைக் கவலையின்றிப் பயிற்சிக்கு அனுப்ப முடியும். சுதேசிப் பொருளை ஆதரிப்பது ஜனங்களின் கடமை. அதன் குறையை ஒளிக்காமல் திருத்துவது சர்க்காரின் கடமை. முதற் கடமையில் நம்மவர் என்றும் பின்வாங்கியதில்லை.