சுண்டெலி சொன்ன தீர்ப்பு

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டையூசி வளைவுகள் ஏறினால் வால்பாறை வந்து சேரும். அந்த மலைச் சரிவுகளில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் தொடங்கி மாலை வரை மழையிலும் பனியிலும் அவர்களுடைய விரல்கள் ஓய்வதில்லை. அந்த ஊரின் செல்வம் முழுவதும் பெண்களின் விரல் நுனியில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆயினும் அதே மலையிலாகட்டும், கீழே பொள்ளாச்சி, உடுமலைச் சமவெளியிலாகட்டும், ஒரு வீட்டில் இரண்டாவதும் பெண் குழந்தையாகப் பிறந்துவிட்டால் நடப்பது என்ன? "மறுபடியும் பொட்டப் புள்ளைதானா?" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் வருகிறது. பிரசவக் களைப்புத் தீராத தாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கொள்கிறாள். குற்றம் சாட்டுபவர்களும் தீர்ப்புச் சொல்பவர்களும் ஒரே கட்சி. குற்றவாளிக்கு வாய் திறக்க உரிமையில்லை.

இந்த வழக்கில் அவளுக்காகச் சாட்சி சொல்ல ஒருவர் முன்வந்திருக்கிறார். அவர் பெரிய மனிதர் அல்ல; மனிதரே அல்ல. நம் வீட்டு அரிசிப் பானையைச் சுற்றி வரும் சுண்டெலிதான் அந்தச் சாட்சி!

சுண்டெலியை விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதன் கர்ப்ப காலம் சுமார் இருபதே நாட்கள். கருவில் அது உருவாகும் விதமோ பெரும்பாலும் நம்மைப் போன்றது. உயிரணுக்களுக்குள் மரபுச் செய்தியைத் தாங்கும் குரோமோசோம் என்னும் இழைகள் மனிதனுக்கு 46, சுண்டெலிக்கு 40. இரண்டிலும் ஒரு ஜோடி இழைகளே ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்கின்றன. தாயிடம் இருப்பவை இரண்டும் 'எக்ஸ்'. தந்தையிடம் ஓர் 'எக்ஸ்', ஒரு 'ஒய்'. ஆகவே தாய் எந்தக் குழந்தைக்கும் 'எக்ஸ்' ஒன்றைத்தான் கொடுக்க முடியும். தந்தையிடமிருந்து 'எக்ஸ்' வந்தால் பெண். 'ஒய்' வந்தால் ஆண். நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க மாது 1905-ஆம் ஆண்டிலேயே ஒரு வண்டினத்தை ஆராய்ந்து, ஆண் தரும் அணுவே குழந்தையின் பாலை நிர்ணயிக்கிறது என்று காட்டிவிட்டார்.

ஆனால் அந்த 'ஒய்' இழைக்குள் இருந்துகொண்டு, "இது ஆணாகட்டும்" என்று கட்டளையிடுவது எது? அதைத் தேடிய கதையில் நம் தேசத்தவர் ஒருவருக்குச் சிறந்த இடமுண்டு.

உத்தரப் பிரதேசத்து ஜோன்பூர் ஜில்லாவில் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்தில் 1947-இல் பிறந்தவர் லால்ஜி சிங். காசி ஹிந்து சர்வகலாசாலையில் அவர் ஆராய்ந்தது பாம்புகளை. கட்டுவிரியன் வகையைச் சேர்ந்த பட்டைப் பாம்பு ஒன்றின் பெண்பால் குரோமோசோமில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. துண்டு ஒன்று நிறைந்திருப்பதை, பிரிட்டனில் எடின்பரோ நகரில் பணியாற்றிய காலத்தில் அவரும் அவருடைய சகாக்களும் 1980-இல் வெளியிட்டார்கள். அதே வாசகம் சுண்டெலியின் 'ஒய்' இழையிலும் இருந்தது!

அச்சமயம் இங்கிலாந்தில் ஒரு விசித்திரமான எலிக் குடும்பம் இருந்தது. அதில் சில எலிகள் இரண்டு 'எக்ஸ்' உடையவை. கணக்குப்படி பெண்ணாக இருக்க வேண்டியவை. ஆனால் பிறந்ததோ ஆணாக! பூதக் கண்ணாடிக்கு அகப்படாத அந்த மர்மத்தைப் பாம்பின் டி.என்.ஏ.யைத் துப்பாக வைத்து லால்ஜி சிங்கும் ஜோன்ஸ் என்பவரும் 1982-இல் துலக்கினார்கள். தந்தையின் 'ஒய்' இழையிலிருந்து ஒரு சிறு பகுதி பெயர்ந்து, 'எக்ஸ்' இழையின் நுனியில் ஒட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குப் போயிருந்தது. அந்தத் துணுக்கு வந்த இடமெல்லாம் ஆண்.

பாம்பின் துண்டு இடத்தைக் காட்டிய விளக்கே தவிர, கட்டளையிடும் ஜீன் அதுவல்ல. அந்த ஜீனை லண்டன் விஞ்ஞானிகள் 1990-இல் கண்டுபிடித்து, 'எஸ்.ஆர்.ஒய்.' என்று பெயரிட்டார்கள். மறு வருஷம், சுமார் பதினாலாயிரம் எழுத்துக்கள் கொண்ட அந்தத் துண்டை மட்டும் எலிக் கருமுட்டையில் செலுத்தினார்கள். இரண்டு 'எக்ஸ்' உடைய கரு ஆணாக வளர்ந்தது. அதற்குச் சந்ததி உண்டாக்கும் சக்தி மட்டும் இல்லை.

இதிலிருந்து தெரிவது என்ன? எலிக் கருவில் சுமார் பத்து நாள் வரையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இனவுறுப்பின் வித்து ஒன்றுபோலவே இருக்கிறது. பத்தாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் அந்த ஜீன் ஒரு விளக்கைப் போல் எரிந்து அணைகிறது. எரிந்தால் ஆண், எரியாவிட்டால் பெண். மனித சிசுவில் இது ஆறு, ஏழு வாரங்களில் நிகழ்கிறது. ஆணாக்கும் அந்த ஜீன் தாயிடம் இல்லை. ஒருவரிடம் இல்லாத பொருளை அவர் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பாம்புகளிலும் பறவைகளிலும் முறை நேர்மாறு. அங்கே இருவகை இழைகளும் தாயிடம் இருக்கின்றன. எனவே ஒரு கட்டுவிரியன் மாமியார் தன் மருமகளைக் குறை கூறினால் அது சாஸ்திர சம்மதமாகவாவது இருக்கும். மனித மாமியாருக்கு அந்த சமாதானமும் இல்லை!

"அப்படியானால் பழி மகன் மேல்தானே?" என்று யாரும் கிளம்ப வேண்டாம். எந்த அணு முந்தும் என்பது அவனுடைய கையிலும் இல்லை. சோழியை உருட்டினால் எது விழும் என்று யார் சொல்ல முடியும்? இதில் குற்றவாளி என்று எவருமே இல்லை. காரணம், குற்றமே இல்லை.

லால்ஜி சிங் 1987-இல் தாய்நாடு திரும்பி, ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அதே பாம்புத் துண்டைக் கொண்டு, ஆளுக்கு ஆள் வேறுபடும் டி.என்.ஏ. ரேகையை எடுக்கும் முறையை வகுத்தார். சில ஆண்டுகளுக்குள் வால்பாறைக்கு மேற்கே, மலபாரில் உள்ள தலைசேரி நீதிமன்றத்துக்கு அது வந்தது. தன் குழந்தைக்குத் தகப்பன் இன்னார் என்று ஒரு பெண் சொன்னாள், அவர் மறுத்தார். ஹைதராபாத் சோதனை, பெண் சொன்னதே உண்மை என்றது. பாம்பு, எலி ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா? லால்ஜி சிங் 2017-இல் காலமானார். அவருடைய பெயர் நம் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அறிவு மட்டும் இருந்தால் போதும் என்று நாம் நம்பிவிட முடியாது. கொங்கு நாட்டின் வடபகுதியான சேலம் ஜில்லாவில், 1991-ஆம் ஆண்டு ஜனக் கணக்கின்படி, ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேர்தான். இயற்கை ஏறக்குறைய 950 பேரைத் தருகிறது. மீதிப் பேர் எங்கே? அதற்காகத்தான் 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. கருவிலேயே பாலைக் கண்டு சொல்வதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றவும் நேர்ந்தது. தாயைப் பழியிலிருந்து விடுவிக்க வேண்டிய விஞ்ஞானத்தையே, படித்தவர்களும் பணமுள்ளவர்களும் சிசுவைத் தொலைக்கும் கருவியாக்கிக் கொண்டார்கள். திண்ணைப் பேச்சு அறியாமையால் வந்தது என்று மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிப்பது?

ஆகையால் சுண்டெலியின் சாட்சியம் பாடப் புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது. கர்ப்பிணியைப் பார்க்க வரும் தாதி, அவளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும்போதே அவள் கணவனையும் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்து, இந்த எக்ஸ்-ஒய் கணக்கைச் சொல்லட்டும். ஐந்து நிமிஷம் போதும். அதற்குப் பிறகு பிரசவ அறை வாசலில் நிற்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "தாயும் பிள்ளையும் சுகந்தானே?"