நுண்செயலிப் போட்டியும் தங்கவயலின் பாடமும்

நுண்செயலி நிறுவனங்களின் போட்டியைப் பற்றி உரையாடும்போது நாம் பெரும்பாலும் வேகத்தையும் விலையையுமே ஒப்பிடுகிறோம். ஆனால் வெற்றியைப் பலமுறை தீர்மானித்தது மூன்றாவது ஒன்று: மக்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் மென்பொருள் புதிய சில்லில் ஓடுமா என்பது.

2001-இல் இன்டெல் நிறுவனம் இட்டானியம் என்னும் நுண்செயலியை முற்றிலும் புதிய கட்டளைத் தொகுதியுடன் வெளியிட்டது. பழைய எக்ஸ்86 நிரல்கள் அதில் தள்ளாடின. 2003-இல் ஏஎம்டி நிறுவனம் பழைய கட்டளைகளை அப்படியே வைத்துக்கொண்டு 64 பிட் திறனைச் சேர்த்து ஆப்டெரானைக் கொணர்ந்தது. மறு ஆண்டே இன்டெல்லும் அவ்வழிக்கு வந்தது. பெரிய நிறுவனமே ஆயினும், பயனரின் பழைய நிரல்களைப் புறக்கணிக்க இயலவில்லை.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1991-இல் புணேயின் சி-டாக் உருவாக்கிய பரம் 8000 மீக்கணினி, பிரிட்டனின் இன்மாஸ் வடிவமைத்த டிரான்ஸ்பியூட்டர்களால் ஆனது. அவ்வகைச் சில்லுகள் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்தன. பின்வந்த பரம் கணினிகள் ஸ்பார்க், பவர் என வேறு நுண்செயலிகளுக்கு மாறின. சில்லை மாற்றுவது கொள்முதல் ஆணையோடு முடிந்துவிடும். அதன்மீது எழுதிய நிரல்களை மாற்றுவதோ பல மாத உழைப்பு.

ஒன்றையே சார்ந்து வாழ்வதன் விலையைக் கோலார் தங்கவயலுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சுரங்கத்தை நம்பியே இங்கு ஒரு நகரம் எழுந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் ஆழ்பாறையை அறிந்தனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்தம் திறமை அன்றும் குறையவில்லை; அத்திறமையை ஏற்கும் இடந்தான் இல்லாது போயிற்று. ஒரே நிறுவனத்தின் கட்டளைத் தொகுதிக்கென எழுதப்பட்ட மென்பொருளின் நிலையும் அதுவே.

2010-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ், உரிமத்தொகையின்றி எவரும் பயன்படுத்தத்தக்க கட்டளைத் தொகுதி. சென்னை ஐஐடியின் சக்தி நுண்செயலிகள் அதன்மீதே அமைந்தவை. மைய அரசும் 2022-இல் இதற்கெனத் தனித்திட்டம் அறிவித்தது. இவை பாராட்டத்தக்கவை. எனினும் கட்டளைத் தொகுதி திறந்திருப்பதால் மட்டும் நிரல்கள் தாமே வந்து குடியேறிவிடா. கம்பைலர்கள், சாதன இயக்கிகள், ஆய்வக மென்பொருள்கள், தமிழ் எழுத்துருக்களைத் திரையில் சரியாகக் காட்டும் நூலகங்கள் ஆகிய அனைத்தையும் பெயர்த்துச் சோதித்தாக வேண்டும்.

‘பழைய நிரல்களை மொழிபெயர்க்கும் மென்பொருள் போதுமே’ என்பர் சிலர். 2020-இல் ஆப்பிள் தன் எம்1 சில்லுக்கு மாறியபோது ரொசெட்டா 2 அப்பணியைத் திறம்படச் செய்தது உண்மை. ஆனால் சில்லு, கணினி, இயங்குதளம் மூன்றும் ஆப்பிளின் கையில் இருந்தன. நமக்கு அவ்வசதி இல்லை.

ஆகவே என் கருத்து இது: உள்நாட்டுச் சில்லுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு மென்பொருள் பெயர்ப்புக்கென்றே வரையறுக்கப்பட வேண்டும். அரசு நிறுவனங்கள் மென்பொருள் வாங்கும்போது மூலநிரலையும் கேட்டுப் பெற வேண்டும். பெயர்ப்புப் பணிக்குச் சில்லுத் தொழிற்சாலை தேவையில்லை. ஒரு பலகையும் ஒரு கணினியும் பொறுமையும் போதும். வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் தங்கவயல் இளைஞர்கள் தம் ஊரிலிருந்தே செய்யக்கூடிய பணி இது.