மூடாத அடையில் தேன் எடுக்கலாமா?

காரைக்காலில் தென்னந்தோப்பில் தேனீப் பெட்டி வைக்கும் சிறு விவசாயிகள் தேனெடுக்க அவசரப்படக் கூடாது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். தேனீக்கள் அறைகளை மெழுகால் மூடுமுன் எடுத்த தேனில் நீர் மிகுந்து, நுரைத்துப் புளித்துவிடும். அரசு விதிப்படி நீர் 20 சதவீதத்தைத் தாண்டலாகாது. முக்கால் பாகமாவது மூடிய அடையையே எடுத்தல் வேண்டும். பச்சைத் தேன் என்பது சூடேற்றாத தேன். பக்குவப்படாத தேன் அல்ல.

எறும்பு மொய்க்காது, நீரில் கரையாது என்பதெல்லாம் சோதனையே ஆகா. 2020இல் டில்லி அறிவியல், சுற்றுச்சூழல் மையம் ஆராய்ந்த 13 கம்பெனித் தேன்களில் 10 ஜெர்மனி ஆய்வகத்தில் தேறவில்லை. அவற்றுள் பல உள்நாட்டுச் சோதனையில் தேறியவை! ஆய்வகமே ஏமாந்த இடத்தில் எறும்பு என்ன செய்யும்? வாங்குவோரைத் தோப்புக்கே அழைத்து, மூடிய அடையைக் காட்டி விற்பவர் நல்ல விலை கேட்கலாம்.

தேன் இருமலுக்கு இதம். நீரிழிவுக்காரருக்கு இதுவும் சர்க்கரையே. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சேனை வைக்கக்கூடத் தேன் ஆகாது.